குதிரையின் கழுத்து

குதிரை விரைந்து செல்லுதற்குக் காரணம் யாதென வினவினால், அதன் கால்களே என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையுடையதும் அன்று. கால்கள் செய்யும் தொழிலுக்குக் கழுத்து செய்யும் துணை பெரிது.

500 கிலோகிராம் எடையுள்ள குதிரையின் தலையும் கழுத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 கிலோகிராம் இருக்கும். இத்துணைப் பாரம் உடலுக்கு முன்னே நீண்டிருத்தலின், நிற்கும் குதிரையின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை முன்னங்கால்களே தாங்குகின்றன. கழைக்கூத்தாடுவோன் கையிலுள்ள கோலை அசைத்துக் கயிற்றின்மேல் நிலைபெறுதல்போலக் குதிரையும் கழுத்தை அசைத்துத் தன் உடலின் சமநிலையைக் காத்துக்கொள்கிறது. அது நடக்கும்போது தலை தாழ்ந்து தாழ்ந்து உயர்தலை நாம் காணலாம். முன்னங்காலொன்றில் நோவுற்ற குதிரை, அக்காலை ஊன்றுங்கால் தலையை உயர்த்தும். நோவுள்ள கால் எதுவென்று மருத்துவர் அறிதற்கு இதுவும் ஒரு குறியாம்.

தலையின் பின்புறத்திலிருந்து தோள்மேடு வரை, கழுத்தின் மேற்புறமாக வலிய நார் ஒன்று செல்கிறது. முதுகெலும்பின் மேலுள்ள நாரோடு அது தொடர்புடையது. தலை தாழும்போது இந்நார் இழுபட்டு முதுகை உயர்த்துகிறது. தலையை மிக உயர்த்திப் பிடித்தாலோ முதுகு குழிகிறது. எடுத்துவைக்கும் அடியும் குறுகுகிறது. மோவாய் மார்பில் படும்படி கழுத்தை வளைத்து இழுத்தலும் தீங்கேயாம். குதிரை மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் உயிராதலின், தொண்டை நெருங்க அதற்குக் காற்று குறையும்.

இவ்வுண்மையைப் புறக்கணித்தமையால் விளைந்த துன்பத்தை 19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் காண்கிறோம். செல்வர்தம் வண்டிக் குதிரைகள் தலைநிமிர்ந்து தோன்றுதல் அங்கே பெருமையெனக் கருதப்பட்டது. குதிரைக்கு அதனால் என்ன பெருமையோ, அறியோம்! கடிவாளத்திலிருந்து ஒரு வாரைக் கொணர்ந்து, முதுகின்மேலுள்ள சேணத்தின் கொக்கியில் இறுக மாட்டினர். சமநிலத்தில் ஒருவாறு வண்டியிழுத்த குதிரை, மேட்டை அடைந்ததும் திணறிற்று. பாரம் இழுக்கும் உயிர் தலையைத் தாழ்த்தி, உடலை முன்னே சாய்த்தன்றோ இழுக்கும்? முகத்தை வான்நோக்கி நிமிர்த்திக்கொண்டு மேட்டில் வண்டி தள்ளிப் பார்ப்பவனுக்கு அவ்வருத்தம் நன்கு விளங்கும்.

அன்னா சியூவெல் என்னும் அம்மையார் இளமையிலேயே காலில் அடிபட்டு, நடத்தற்கு இடர்ப்பட்டுக் குதிரை வண்டியையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர். குதிரையொன்று தன் வரலாற்றைத் தானே கூறுவதாக 'பிளாக் பியூட்டி' என்னும் நூலை எழுதினார். 1877-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல், அவ்வாரின் கொடுமையைப் படித்தோர் உள்ளத்தில் பதியச் செய்தது. மறு ஆண்டே அம்மையார் காலமானார். இறுதி ஊர்வலத்திற்கு வந்துநின்ற குதிரைகளின் தலைகளும் அவ்வாரினால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கக் கண்ட அவருடைய அன்னையார், அவற்றையெல்லாம் அவிழ்க்கச் செய்தார் என்பர்.