நெரிசல் அவர்களுடையது, காத்திருப்பு நம்முடையது

காலை 6 மணிக்குப் பெரும்பாக்கம் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் நின்று பார்த்தால் சென்னையின் போக்குவரத்துக் கணக்கு புரிந்துவிடும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், பெயின்டர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பஸ் வரும் திசையையே பார்த்துக் காத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரின் நடுவிலிருந்தும் அகற்றப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் இவர்கள். பெரும்பகுதியினர் தலித் மக்கள். வீடு 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்துவிட்டது. வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் இதே கதைதான்.

முன்பு நடந்தே போய் மூன்று வீடுகளில் வேலை பார்த்த பெண், இப்போது இரண்டு வீடுகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவது வீட்டுச் சம்பளத்தைப் பயண நேரம் தின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலை அகலமாக ஓடுகிறது. அதில் ஊர்ந்துபோகும் கார்களை எட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒருவர், மிஞ்சினால் இருவர். மூன்று கார் நிற்கும் இடத்தில் ஒரு பஸ் 60 பேரை ஏற்றிக்கொண்டு போகும். ஆனால் அந்த 60 பேரும் அந்தக் கார்களுக்குப் பின்னால்தான் நின்றாக வேண்டும். கார் வைத்திருப்பவர் உண்டாக்கும் நெரிசலுக்கு, கார் இல்லாத நாம் நம் கூலியிலிருந்து அபராதம் கட்டுகிறோம். வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்று மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. சொன்னது காகிதத்தில் இருக்கிறது.

நமக்கு பஸ் என்பது வெறும் வாகனம் அல்ல. தாழ்த்தப்பட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்த காலம் ஒன்று இருந்தது. அப்படி மறுக்கும் முதலாளிகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர், ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சௌந்தரபாண்டியனார். டீக்கடையில் தனிக் குவளை இருந்த ஊர்களிலும் பஸ்ஸில் பக்கத்து இருக்கை நமக்குக் கிடைத்தது. அதுவும் சும்மா கிடைத்ததில்லை. 1997-ல் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது.

இன்று யாரும் அப்படி வெளிப்படையாக மறுக்க வேண்டியதில்லை. வசதி உள்ளவர் காருக்கு மாறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். பஸ் ஏழைகளின் வாகனமாகச் சுருங்குகிறது. ஏழைகள் மட்டும் ஏறும் வண்டியைப் பற்றி அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு அவசரம் இருப்பதில்லை.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நம் வீட்டுப் பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் சொகுசுப் பேருந்தில் அது செல்லாது. வேலைக்கு நேரமாகும்போது எது முதலில் வருகிறதோ அதில்தானே ஏற முடியும்? போதுமான பஸ் ஓடினால்தான் அந்தச் சலுகை முழுதாகக் கைக்கு வரும்.

மெட்ரோ வரட்டும். இரண்டாம் கட்டத்துக்கு 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு அவ்வளவு பணமோ அத்தனை ஆண்டுகளோ தேவையில்லை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 2000-ல் சாலையின் நடுப்பகுதியைப் பஸ்ஸுக்கென ஒதுக்கிக் காட்டியது. அதுவும் நம்மைப் போல வளரும் நாடுதான்.

நாம் கேட்பது இவ்வளவுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து விடியற்காலையிலும் இரவிலும் கூடுதல் பஸ்கள் வேண்டும். நிறுத்தத்தில் நிழலும், நேர அட்டவணையும் வேண்டும். இனி எந்தக் குடும்பத்தை இடம் மாற்றினாலும், வீட்டுச் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே பஸ்ஸும் ஓட வேண்டும். பக்கத்து இருக்கைக்காகப் போராடிய நாம், அந்த பஸ் நேரத்துக்கு வருவதற்காகவும் குரல் கொடுத்தே ஆக வேண்டும்.