நெஞ்சு விரியட்டும், முதுகு நிமிரட்டும்

பீடி சுற்றுவோரைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே பீடி சுற்றுபவராகவும் இருக்கலாம்.

மேற்கு வங்கத்தில் முர்ஷிதாபாத். மத்தியப் பிரதேசத்தில் சாகர். தெலங்கானாவில் நிஜாமாபாத். தமிழ்நாட்டில் திருநெல்வேலி. இந்தப் பக்கங்களில் எல்லாம் பெண்கள் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார்கள்.

மடியில் தட்டு. தட்டில் இலையும் தூளும். தலை குனிந்திருக்கும். தோள் முன்னால் வளைந்திருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அதனால் எழுந்து நிற்கவும் மனம் வராது.

நாளாக ஆக, கழுத்து வலிக்கிறது. தோள் வலிக்கிறது. முதுகு வளைகிறது. "வயதாகிவிட்டது" என்கிறோம். வயது மட்டும் காரணம் அல்ல.

ஏன் இப்படி ஆகிறது?

நெஞ்சின் இரு பக்கமும் அகலமான தசைகள் உள்ளன. நாள் முழுவதும் குனிந்தே இருந்தால் இவை இறுகும். தோளை முன்னால் இழுக்கும். முதுகுத் தசைகள் அந்த இழுப்பைத் தாங்கிக் களைத்துப்போகும். இறுக்கம் முன்னால். வலி பின்னால்.

என்ன செய்யலாம்?

1. கதவு நிலையின் நடுவில் நில்லுங்கள். முழங்கைகளை மடக்கித் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். இரு கைகளையும் இரு பக்க நிலையில் வையுங்கள். ஒரு காலை முன்னே வைத்து, உடம்பை மெல்ல முன்னால் சாயுங்கள். 20 வரை எண்ணுங்கள். மூன்று முறை செய்யுங்கள்.

2. நிமிர்ந்து உட்காருங்கள். இரு தோள்பட்டைகளையும் பின்னால் நெருக்குங்கள். 5 எண்ணி விடுங்கள். பத்து முறை செய்யுங்கள்.

3. இரவில் பாயில் மல்லாந்து படுங்கள். முழங்கால்களை மடக்குங்கள். கைகளை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்கட்டும். இரண்டு நிமிடம் மெதுவாக மூச்சு விடுங்கள்.

மூச்சை அடக்க வேண்டாம். தசை இழுப்பது தெரியலாம். வலிக்கக் கூடாது. வலித்தாலோ, கை மரத்துப்போனாலோ நிறுத்துங்கள்.

வேலையின்போது

சுவரில் முதுகு சாய்த்து உட்காருங்கள். தட்டுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். அதனால் சில பீடிகள் குறையலாம். ஆனால் உழைப்பவருக்கு உடம்புதானே முதல்? முதலைத் தின்றுவிட்டு லாபம் பார்க்க முடியுமா?

தையல் வேலை, தறி வேலை செய்வோருக்கும் இதுவே பொருந்தும்.

கவனம்!

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, மூச்சுத் திணறல், வியர்வை, கைக்குப் பரவும் வலி. இவை மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது பயிற்சி செய்யாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, இப்போது இந்தப் புத்தகத்தை எங்கே வைத்துப் படிக்கிறீர்கள்? மடியிலா? கொஞ்சம் மேலே தூக்குங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். இன்றைய பயிற்சி தொடங்கிவிட்டது.