தொண்ணூறு நொடிகள்

கப்பலைத் தாக்கும் ஏவுகணை அலைக்குச் சில மீட்டர் உயரத்தில், கடலை உரசுவதுபோல் வரும். பூமி உருண்டை; ஆகவே தொடுவானத்தைத் தாண்டி வரும்வரை அது ரேடாரில் சிக்காது. ரேடார் 20 மீட்டர் உயரத்திலும் ஏவுகணை 5 மீட்டர் உயரத்திலும் இருந்தால், சுமார் 27 கிலோமீட்டர் தூரத்தில்தான் அது முதன்முதலாகத் தென்படும். ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் எக்ஸோசெட் ஏவுகணை அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நிமிடம் போதும். வருவது பகைதானா என்று அறிந்து, முடிவெடுத்து, சுடுவதற்கு அவ்வளவுதான் அவகாசம்.

1982 மே 4, ஃபாக்லாந்து போர். அர்ஜென்டினாவின் விமானங்கள் வருவதைக் கண்ட பிரிட்டனின் கிளாஸ்கோ கப்பல் எச்சரித்தது. அலுமினியம் பூசிய மெல்லிய இழைகளை வானில் தூவியது. ரேடாருக்கு அந்த இழைமேகமும் ஒரு கப்பலாகத் தெரியும் என்பதால் ஏவுகணை ஏமாந்து போகலாம். அதே பிரிட்டிஷ் படையின் இன்வின்சிபிள் கப்பலில் வான்பாதுகாப்பைக் கவனித்தவர்களோ அந்த எச்சரிக்கையை நம்பவில்லை. அந்தப் படையின் ஷெஃபீல்ட் கப்பலில் அந்நேரம் செயற்கைக்கோள் வழியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பகை ரேடாரை மோப்பம் பிடிக்கும் அதன் கருவிக்கு அது இடையூறாகிவிட்டது. இழைகளைத் தூவாமலே ஷெஃபீல்ட் எக்ஸோசெட்டிடம் அடி வாங்கியது. 20 பேர் இறந்தனர்.

1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலை ஈராக் விமானம் ஏவிய இரண்டு எக்ஸோசெட்கள் தாக்கி 37 பேர் மாண்டனர். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குண்டு பொழியும் ஃபேலங்ஸ் பீரங்கி அதில் இருந்தது. தானாகச் சுடும் நிலையில் யாரும் அதை வைத்திருக்கவில்லை.

கருவி இருந்தும் கைகொடுக்காத இந்த இரண்டு நாட்களை நினைத்தால்தான் கூட்டுப்பயிற்சியின் அருமை புரியும். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளருகே நேட்டோ நாடுகள் நடத்தும் ‘ஃபார்மிடபிள் ஷீல்ட்’ பயிற்சியில் உண்மையான ஏவுகணைகளையே சுடுகிறார்கள். 2017 அக்டோபரில் அமெரிக்காவின் டொனால்ட் குக் கப்பல் விண்வெளியில் பாயும் இலக்கைக் குறிவைத்தது. அண்ணாந்து பார்த்து நிற்பவனின் காலடியை யார் காப்பது? கடலை ஒட்டி வரும் இலக்குகளைச் சுடும் வேலையை ஸ்பெயின், நெதர்லாந்து கப்பல்கள் ஏற்றன. வெவ்வேறு மொழி பேசுகிற, வெவ்வேறு கருவி வைத்திருக்கிற மாலுமிகள், அடுத்த கப்பல் சொல்வதை அந்தக் கணமே நம்பி இயங்கப் பழகினார்கள். கிளாஸ்கோவின் எச்சரிக்கைக்குக் கிடைக்காமல் போனது அந்த நம்பிக்கைதான். நாள்கணக்கில் சேர்ந்து பழகாமல் அது வராது.

கூட்டுப்பயிற்சிச் செய்தி கண்ணில் பட்டால், கப்பல்கள் அணிவகுக்கும் படத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கப்பல் கண்டு சொன்னது, எந்தக் கப்பல் சுட்டது என்று தேடிப் படியுங்கள்.