காயத்தைத் தேடிய வேட்டைக்காரர்

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள காடுகளை உலக வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் கென்னத் ஆண்டர்சன். இந்தியாவில் பல தலைமுறைகளாக வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில், 1910-இல் ஐதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தென்னிந்தியாவில் பல இடங்களில் அவருக்கு நிலம் இருந்தது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 200 ஏக்கர். விடுப்பு கிடைத்தால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

ஆட்கொல்லிகளைச் சுட்டவர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். ஆனால் துப்பாக்கி வெடித்த பிறகு அவர் எழுதும் பக்கங்களில்தான் இயற்கையியலாளர் தெரிகிறார். செத்துக் கிடக்கும் விலங்கின் உடலை அவர் காரணம் தேடி ஆராய்வார்.

1954-இல் வெளியான அவரது முதல் நூலில் கும்ளாபுரம் சிறுத்தையின் கதை வருகிறது. அது 42 பேரைக் கொன்றதாக எழுதும் ஆண்டர்சன், அதன் பாதத்தில் முள்ளம்பன்றி முட்கள் ஒடிந்து புதைந்திருந்ததையும் பதிவு செய்கிறார். சிறுத்தை பதுங்கி, பாய்ந்து, நகத்தால் பற்றி வேட்டையாடும் விலங்கு. பாதம் ஊன்றவே வலிக்கும்போது புள்ளிமானை எப்படித் துரத்தும்? மெதுவாக நடக்கும் மனிதர் எளிய இரையாகிறார். அதே நூலில் வரும் ஜவளகிரிப் பெண்புலியும் குண்டடி பட்டுத் தப்பியதுதான். குமாவூன் மலையில் ஜிம் கார்பெட் 1907-இல் சுட்ட சம்பாவத் புலிக்கும், பழைய துப்பாக்கிக் காயத்தால் கோரைப்பற்கள் உடைந்திருந்தன.

இவை தனி ஒருவர் சொன்ன வேட்டைக் கதைகள். ஆய்வுத் தரவுகள் ஆகிவிடாது. காயமே இல்லாத விலங்குகளும் மனிதரைத் தாக்கியதுண்டு. காட்டில் இரை குறைவதும், ஊரோரம் ஆடு, நாய் எளிதாகக் கிடைப்பதும் மோதலுக்கு வழி வகுக்கின்றன. ஆனாலும் "இந்த விலங்கு ஏன் மாறியது?" என்று ஆண்டர்சன் கேட்ட கேள்வி இன்றும் சரியான கேள்விதான். தடம் பார்த்து, சருகைப் புரட்டிப் பதில் தேடும் வித்தையை அவர் காட்டுவாசிகளிடமிருந்தே கற்றார். அவர்களில் ஒருவரான பைராவுக்கு முதல் நூலிலேயே தனி அத்தியாயம் ஒதுக்கினார். அந்த அறிவுக்கு உரியவர்கள் அம்மக்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. ஆண்டர்சன் 1974-இல் மறைந்தார். அஞ்செட்டி வட்டாரக் காடுகள் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தன. பரப்பு 504 சதுர கிலோமீட்டர். துப்பாக்கி இருந்த இடத்தில் இன்று தானியங்கிக் கேமரா இருக்கிறது.

ஆனால் காயங்கள் ஓயவில்லை. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தையும் சிக்கும். அறுத்துக்கொண்டு தப்பினால் ஊனத்தோடு அலையும். அந்தக் கம்பியை அகற்றுவது விலங்கை மட்டும் காக்கும் வேலை அல்ல. அந்தி சாய்ந்த பின் ஆடு ஓட்டி வீடு திரும்பும் மனிதரையும் அதுவே காக்கிறது.