மேகமூட்டத்தில் பறவைப் படம்

வானம் மூட்டமாக இருந்தால் கேமராவை உறையிலேயே வைத்துவிடுபவர்கள் பலர். வெள்ளைப் பறவைகளுக்கோ அதைவிட நல்ல வெளிச்சம் கிடைப்பது அரிது. உச்சிவெயிலில் கொக்கின் முதுகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மேகம் கவிந்திருக்கையில் இறகின் வரிகள்கூடத் தெளிவாகத் தெரியும், கண்ணோரம் கறுத்த நிழலும் விழாது.

ஒரு சிக்கல் உண்டு. வெளிறிய வானம் பின்னால் இருந்தால் கேமரா ஏமாந்து பறவையைக் கருப்பாக்கிவிடும். கரையோ மரமோ பின்னால் வரும்படி உட்காருங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1000இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்காக ஐஎஸ்ஓவைத் தயங்காமல் கூட்டுங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் பரவாயில்லை. கலங்கிப்போன படத்தை மீட்க முடியாது.

பறவை மிரளாமலிருக்க மறைவிடம் வேண்டுமே? இங்கிலாந்தின் ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் தோலால் செய்த பொம்மை மாட்டுக்குள் ஒளிந்தே படமெடுத்தார்கள்! நமக்குத் துணிக்கூடாரம் போதும், ஆனால் துணி காற்றில் படபடக்கக் கூடாது. இருவராக உள்ளே போங்கள், ஒருவர் மட்டும் வெளியேறி நடந்து போகட்டும். ஆள் போய்விட்டதாக எண்ணிப் பல பறவைகள் சீக்கிரமே திரும்பிவிடும்.

கூட்டருகே மட்டும் தயவுசெய்து வேண்டாம். குளிர்ந்த நாளில் தாய் எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் விறைத்துவிடும், காக்கையும் காத்திருக்கும். பறவை சுற்றிச் சுற்றிக் கத்தினால் உடனே இடத்தைக் காலி செய்யுங்கள்.