பியானோவிலிருந்து புகைப்படத்திற்கு

கொழும்பில் லயனல் வென்ட் அரங்கிலே நாடகம் பார்க்கும் நம்மவருட் பலர், அப்பெயருக்குரியவர் யாரென உசாவுவதில்லை. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த அவர், இலண்டனிற் சட்டமும் பியானோவும் பயின்றவர். சட்டத்தொழில் அவர் மனத்தைப் பற்றவில்லை. நாடு திரும்பிய பின் பியானோ வாசித்துவந்தவர், புகைப்படக் கருவியையும் கையிலெடுத்தார்.

1934 இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப் படத்தை மாணவர் பார்த்தல் வேண்டும். தேயிலை விளம்பரத்துக்கெனத் தொடங்கிய முயற்சி அது! அதில், 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூல் வாசகங்களைப் படிக்கும் குரல் வென்டினுடையதே. மூன்றாம் பகுதியை நாம் விசேடமாகக் குறிப்போம். திரையிலே தேங்காய் பறிக்கின்றனர். செவியிலோ கப்பற் செய்தியும் வாணிபக் கணக்கும் ஒலிக்கின்றன. கண் ஒன்றையும் காது வேறொன்றையும் பற்ற, இரண்டிலும் இல்லாத பொருளொன்று பிறக்கின்றது. இரு மெட்டுக்களை ஒருங்கே ஓடவிடும் மேனாட்டு இசை மரபை அறிந்தார்க்கு இது புதிதன்று.

வென்டின் புகைப்படங்களிலும் அத்தகைய சேர்க்கையைக் காண்கின்றோம். ஒரு படத்தோடு மற்றொன்றை இணைப்பார். இருட்டறையில் மீண்டும் ஒளிபடச் செய்து உருவத்தின் விளிம்பைக் கோடாக்குவார்.

சங்கீதம் பயிலும் பிள்ளை படம்பிடித்தாற் கவனம் சிதறும் என்னும் பெற்றோருக்கு நாம் இவரையே காட்டுவோம். பிள்ளை கையடக்கத் தொலைபேசியில் எடுத்த தேர்த்திருவிழாக் காட்சியை, ஒருமுறை ஒலியின்றியும் மறுமுறை தான் பயிலும் கீர்த்தனையோடும் ஓடவிட்டுப் பார்க்கட்டும்.