வாசலிலே வரி!

அம்மையார்குப்பத்துத் தெருக்களிலே நடந்து சென்றவர்களுக்குத் தெரியும், அங்கே காற்றே தறியின் ஓசையைச் சுமந்துகொண்டுதான் வரும் என்பது. விடியலிலே தொடங்கும் ஓசை, விளக்கு வைத்த பிறகும் ஓய்வதில்லை. ஊரார் உடுத்த நூலை இழைத்துத் துணியாக்கித் தரும் உழைப்பாளர்கள், நாள் முழுதும் நான்கு சுவர்களுக்குள்ளே நிற்கிறார்கள். பஞ்சுத் தூசியை முகர்கிறார்கள். பச்சைப் புல்லைப் பார்த்து, பத்து நிமிடம் மரநிழலிலே உட்கார்ந்து, மூச்சை இழுத்து விடும் வாய்ப்பு அவர்களுக்கு எப்போது? ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி விடுமுறையிலே, பிள்ளைகள் நச்சரித்தால்!

அப்படியொரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கணவன், மனைவி, வயதான தாய், இரண்டு பிள்ளைகள். "அப்பா, பட்டணத்துல பெரிய பார்க் தொறந்திருக்காங்களாமே, போலாமா?" என்று பையன் கேட்கிறான். "போலாம்டா, கூலி வரட்டும்" என்கிறார் தந்தை. கூலி வருகிறது. திருத்தணி வரை பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில், பிறகு சென்னை நகரப் பேருந்து. கதீட்ரல் சாலையிலே போய் இறங்குகிறார்கள். எதிரே பூங்கா. அதற்கு முன்னே ஒரு வாயில். வாயிலுக்கு முன்னே ஒரு சீட்டுக் கூண்டு!

அந்தக் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபர் மாதத்திலே திறக்கப்பட்டது. ஆறு ஏக்கர் நிலம். ஏறத்தாழ 46 கோடி ரூபாய்ச் செலவு. திறப்பின்போது அறிவித்த நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய். நம் நெசவாளர் குடும்பம் உள்ளே காலடி வைக்க மட்டும் 400 ரூபாய். பறவைகளைப் பார்க்கப் பெரியவருக்கு 150, சிறுவருக்கு 75; அது 600 ரூபாய். ஆக, கிளியைக் காட்டிக் குழந்தையைச் சிரிக்க வைப்பதற்குள்ளே ஓர் ஆயிரம் ரூபாய் கரைந்து போகிறது. கம்பியிலே தொங்கிப் பறக்கும் 'ஜிப்லைன்' வேண்டுமென்று பையன் அழுதால், அதைத் தந்தையின் காது கேட்காமலிருப்பதே நல்லது!

பூங்கா அழகாக இல்லையென்று நாம் சொல்லவில்லை. அழகுதான். அந்த நிலம் எப்படி வந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஒரு தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் நெடுங்காலம் கிடந்த அரசு நிலம் அது. நீதிமன்றப் படிகளையெல்லாம் ஏறி, அரசு அதனை மீட்டது. மீட்டதற்காகப் பாராட்டுகிறோம். ஆனால் நாம் கேட்பது இதுதான்: மக்களுக்காக மீட்ட நிலத்திலே, மக்களின் பணத்தைக் கொட்டி எழுப்பிய தோட்டத்திலே, மக்கள் நுழைவதற்கு மறுபடியும் ஒரு விலையா? நூல் வாங்கினால் வரி, சாயம் வாங்கினால் வரி, சோப்பு வாங்கினால் வரி. அத்தனையும் செலுத்திய கைதானே சீட்டுக் கூண்டிலே மீண்டும் நீட்டப்படுகிறது? ஒரே மாட்டை இரண்டு முறை கறப்பது எந்த ஊர் நியாயம்?

இது ஒரு பூங்காவின் கதை மட்டுமல்ல. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலே பெரியவர்களுக்கான கட்டணம் 2023-இல் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக உயர்ந்தது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்திலே, எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர் சில விலங்குகளைக் கொண்டு தொடங்கிய காட்சிச் சாலைதான் வளர்ந்து வளர்ந்து, 1985-இல் வண்டலூருக்குச் சென்றது. புலியைக் காண ஏழையும் வருவான் என்பதுதான் அதன் பெருமை. அந்த ஏழை இப்போது வாயிலிலே நின்று விரல் விட்டு எண்ணுகிறான்.

இன்னும் கொஞ்சம் பின்னே போவோம். 1859-இல் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் திரெவெலியன், இன்றைய சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே 116 ஏக்கரிலே ஒரு பூங்காவை உருவாக்கினார். அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மக்கள் பூங்கா'! ஆள வந்த அந்நியனுக்குக்கூட, பூங்கா என்றால் அது மக்களுக்குரியது என்ற எண்ணம் பெயரளவிலாவது இருந்தது. அந்தப் பூங்கா, பிறகு கட்டடங்களுக்கும் விளையாட்டரங்குக்கும் துண்டு துண்டாகப் போய்விட்டது. அது வேறு கதை. பெயரை மட்டுமாவது நாம் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டாமா?

"கட்டணம் இல்லையென்றால் பராமரிப்பது எப்படி?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பதிலை வெளியூரிலே தேட வேண்டாம். நம் திருத்தணி மலையிலேயே இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருவோர் எத்தனை ஆயிரம்! முடி காணிக்கை செலுத்த, ஒரு காலத்திலே கட்டணச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரிலே, அறநிலையத் துறைக் கோயில்களில் அந்தக் கட்டணம் எடுக்கப்பட்டது. "அப்படியானால் மொட்டையடிக்கும் தொழிலாளியின் வயிற்றுக்கு என்ன வழி?" என்று அன்றும் கேட்டார்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வழி சொல்லப்பட்டது. பக்தனிடம் பறிக்காமலே தொழிலாளிக்குக் கொடுக்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதா, இல்லையா? கோயில் வாசலிலே முடிந்தது, பூங்கா வாசலிலே முடியாதா?

அதே 2021-இல், மே மாதத்திலே, சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிற்று. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அதனால் மிச்சமான பணம், வீட்டிலே அரிசியாக, பிள்ளையின் நோட்டுப் புத்தகமாக மாறிற்று. பேருந்திலே சீட்டில்லாமல் பூங்கா வாயில்வரை வந்துவிடுகிறாள் தாய். அங்கே நிறுத்தி, "நூறு எடு" என்றால், கொடுத்த கையே பறித்த கதையாகாதா?

"இலவசம் என்றால் கூட்டம் சேரும், குப்பை சேரும்" என்பது இன்னொரு வாதம். மெத்தப் படித்தவர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். காணும் பொங்கலன்று மெரினாவைப் பார்த்ததுண்டா அவர்கள்? கடல் எது, மனிதக் கடல் எது என்று தெரியாத கூட்டம். மறுநாள் காலையிலே மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள் குனிந்து குனிந்து பெருக்குகிறார்கள். அவர்களுக்குக் கூலியை உயர்த்திக் கொடுங்கள் என்று சொல்லலாம். குப்பை போடுவோருக்குத் தண்டம் விதியுங்கள் என்று சொல்லலாம். கடலுக்குக் கதவு போடச் சொன்னவர் யாருமில்லையே! தியாகராய நகரிலே பனகல் பூங்கா, நடேசன் பூங்கா. மயிலையிலே நாகேசுவரராவ் பூங்கா. இவையெல்லாம் சீட்டுக் கூண்டு இல்லாமல்தான் காலையிலும் மாலையிலும் நிறைந்து வழிகின்றன. அங்கே புல் வளரவில்லையா? பூ பூக்கவில்லையா?

உலகம் இந்த வழக்கை முன்பே விசாரித்து, தீர்ப்பும் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலே டார்பி என்றொரு தொழில் நகரம். அங்கே ஜோசப் ஸ்ட்ரட் என்ற பஞ்சாலை முதலாளி, 1840-இல் ஒரு பூங்காவை ஊருக்குக் கொடையாகக் கொடுத்தார். பஞ்சாலை முதலாளி! நம் நெசவாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பராமரிப்புக்காகக் கட்டணம் வைத்தார்கள். ஆனால் தொழிலாளி வரக்கூடிய ஞாயிறும் புதனும் இலவசம் என்று விட்டார்கள். 1882-இல் மற்ற நாட்களின் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். 1847-இல் பிர்கன்ஹெட் என்ற ஊரிலே, பொதுப் பணத்தைக் கொண்டே ஒரு பூங்கா திறந்தார்கள். எல்லோருக்கும் திறந்த வாயில். அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கர் ஒருவர்தான், பின்னாளிலே நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களுள் ஒருவர். அதற்கும் நுழைவுக் கட்டணமில்லை. பக்கத்துப் பெங்களூரிலே கப்பன் பூங்காவுக்குச் சீட்டில்லை. லால்பாக்கிலே சீட்டு உண்டு, ஆனால் காலை நடைக்கு வருவோரிடம் கேட்பதில்லை. வழி உண்டு, மனம் வேண்டும்.

இனி, காட்டுக்கும் மலைக்கும் வருவோம். அங்கே கேள்வி கொஞ்சம் கடினமானது. நாம் அதை மறைக்க விரும்பவில்லை.

2024 அக்டோபரிலே வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. இணையத்திலே பதிவு செய்து, பணம் கட்டிச் செல்ல வேண்டும். அந்த நாற்பதிலே ஒன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதை. பூண்டிக்கு அருகே, கற்கால மனிதன் தங்கிய இடம். அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்திலேதான், 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். நம் மாவட்டத்துப் பிள்ளை, தன் பாட்டனுக்கும் பாட்டன் ஒதுங்கிய குகையைக் காணப் பணம் கட்ட வேண்டும்! கற்கால மனிதன் கட்டணம் கட்டிவிட்டா குடியேறினான்?

ஆயினும் காட்டிலே கட்டணமே கூடாது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கூவ மாட்டோம். 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணியிலே, காட்டுத் தீயிலே சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை யார் மறக்க முடியும்? வழிகாட்டி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும், எத்தனை பேர் போகலாம் என்ற கணக்கும் வேண்டும். வழிகாட்டியாக வரும் மலைவாழ் இளைஞனுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். இதிலெல்லாம் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க விலையை ஏற்றுவது என்றால், காடு பணக்காரனின் கொல்லையாகிவிடும். முன்பதிவிலே முந்தியவருக்கு இடம் கொடுங்கள். குலுக்கிப் போட்டுக் கொடுங்கள். பணப்பையின் கனத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

நார்வே நாட்டிலே 1957-இல் ஒரு சட்டம் செய்தார்கள். வேலியிடாத திறந்த வெளியிலும் காட்டிலும், குடியிருப்புக்கு 150 மீட்டர் தள்ளி, யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்து இரவைக் கழிக்கலாம். நிலம் யாருடையதாயினும், நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று எழுதி வைத்தார்கள். இது நமக்குப் புதிதா? சாவடியும் சத்திரமும் கட்டிய நாடு இது. வழிப்போக்கன் படுக்கத் திண்ணை விட்டு வீடு கட்டிய மக்கள் நாம். வடலூரிலே 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு, பசித்தவனிடம் சீட்டு கேட்டதில்லை. தணிகை மலையின் 365 படிகளிலே, டிசம்பர் 31 இரவு பாடிக்கொண்டு ஏறும் கூட்டத்திலே, இவன் பணக்காரன், அவன் ஏழை என்று படி பார்க்கிறதா?

அந்த மலையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் நமக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வட எல்லைக்காகப் போராடினார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். படாஸ்கர் முடிவின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. "மண் நமது" என்று கேட்டுப் பெற்ற வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு, அந்த மண்ணின் மரநிழலும் நமது என்று சொல்ல வேண்டிய கடமை ஆள்வோருக்கு உண்டு.

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல, செய்யக்கூடியவை.

பொதுப் பணத்தில் அமைந்த பூங்காக்களில் நடக்கவும் உட்காரவும் கட்டணம் வேண்டாம். பறப்பதற்கும் சவாரிக்கும் வேண்டுமானால் சீட்டு வையுங்கள், விரும்பியவர் வாங்கட்டும். உடனே எடுக்க இயலாதெனில், டார்பியிலே 1840-இல் செய்ததையாவது இப்போது செய்யுங்கள்: ஞாயிறு ஒரு நாள் வாயிலைத் திறந்து விடுங்கள். தொல்லியல் துறை மாமல்லபுரத்திலே 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில்லை; அந்த விதியைப் பூங்காக்களுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் கொண்டு வாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர்களை, ஆண்டுக்கு ஒரு முறை, வழிகாட்டியோடு, கட்டணமின்றிக் குடியம் குகைக்கு அழைத்துச் செல்லுங்கள். பூண்டியருகே ஓர் இரவு முகாமிட்டு விண்மீன் பார்த்துத் திரும்பட்டும்.

அம்மையார்குப்பத்துத் தோழர்களுக்கும் ஒரு சொல். கேட்காத கோரிக்கை கோட்டைக்குக் கேட்காது. மே முதல் நாள், உழைப்பாளர் திருநாள், கிராம சபை கூடும் நாள். அங்கே எழுந்து நின்று இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நம் ஊரிலிருந்து ஒரு தாள் போகட்டும். பள்ளிப்பட்டிலிருந்து ஒன்று, ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒன்று, திருத்தணியிலிருந்து ஒன்று போகட்டும். ஒற்றை இழை அறுந்துபோகும். ஊடும் பாவுமாகச் சேர்ந்தால் துணி. இதை நெசவாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த விடுமுறையிலே அந்தப் பையன் மறுபடியும் கேட்பான்: "அப்பா, பார்க்குக்குப் போலாமா?" அப்போது தந்தை, சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்காமல், "கெளம்புடா!" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் எழுதினோம்.